பூட்டு யாருக்காக?

இந்த நாட்டுச் சிறைப் பூட்டுகளுக்கு ஆள் பார்த்துத் திறக்கத் தெரியும்.

1983 ஜூலை 25. கொழும்பு வெலிக்கடைச் சிறை. கொலைகாரர்கள் வந்தார்கள்; பூட்டு திறந்தது. போராளித் தலைவர்கள் குட்டிமணி, தங்கத்துரை உட்பட 35 தமிழ்க் கைதிகள் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே சிறையில் இன்னும் 18 பேர். கொழும்பில் ஊரடங்கு. கொலைக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

மிஞ்சியவர்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பாம்! திரும்பவும் தெற்குச் சிறைகளுக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் அவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. செப்டெம்பர் 23 இரவு, தங்கள் உயிருக்கான கதவைத் தாங்களே திறந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அரசுக்கு ரோஷம் வந்தது. 53 கொலைக்கு ஒரு குற்றவாளியைத் தேடாதவர்கள், உயிர்தப்பியவர்களை வாவிக்கரையெங்கும் தேடினார்கள். தப்பியவர்களில் ஒருவர் டக்ளஸ் தேவானந்தா. பிற்காலத்தில் அமைச்சராகவே இருந்தார். ஓடியவருக்கு அமைச்சு கிடைத்தது. செத்தவர்களுக்கு ஒரு கொலை வழக்குக்கூடக் கிடைக்கவில்லை.

படுவான்கரையிலிருந்து பாதையேறி வாவி கடந்து, பிள்ளையைப் பார்க்க மட்டக்களப்பு மறியலுக்கு வரும் தாயைக் கேளுங்கள். அவள் கட்டிவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்து, குழம்போடு கிளறிப் பார்ப்பார்கள். உள்ளே பிளேடு இருக்கக்கூடாதே! பொரித்த மீனையும் இரண்டாகப் பிய்த்துப் பார்ப்பார்கள். வெலிக்கடைக்குள் பொல்லும் கம்பியும் போனபோது இந்த விரல்கள் எங்கே போயின?

தமிழனுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். அடக்குமுறை பழகிய கை இனம் பார்க்காது. 2012இல் அதே வெலிக்கடையில் 27 கைதிகள் மாண்டார்கள். 2020இல் மஹர சிறையில் கொரோனாவுக்குப் பயந்து, பரிசோதனை செய்யுங்கள், விடுங்கள் என்று கேட்டவர்களில் 11 பேர் மாண்டார்கள். இரத்தம் பார்க்கத் தூண்டும் மாத்திரையைக் கைதிகள் விழுங்கினார்கள் என்று ஓர் அமைச்சர் கண்டுபிடித்தார். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிக் காயம்தான் கிடைத்தது. கொள்ளளவைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆட்களை அடைத்தவர்கள் எந்த மாத்திரை விழுங்கினார்களோ!

1983 வெலிக்கடைக் கொலைகளுக்கும் நீதவான் மரண விசாரணை நடந்தது. மனிதக் கொலை என்று தீர்ப்பும் வந்தது. கொன்றவர் யார் என்பதுதான் பொலிசுக்குத் தெரியவில்லை. பூட்டிய சிறைக்குள், காவலர் கண்முன்னே நடந்த கொலை அது.

அடுத்த ஜூலையில் நினைவுரை ஆற்ற யாராவது அரசியல்வாதி வந்தால், கைதட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "ஐயா, அந்தக் கொலை வழக்கின் இலக்கம் என்ன?"