பேன்ட் பைக்குள் ஒரு மின்வாரியம்

பிரிட்டனில் ஊதித் தூக்கியெறியும் வேப்பை (மின்சிகரெட்டை) 2025 ஜூன் 1 முதல் விற்கக் கூடாது. அதனால் அதை ஊதிவந்த நம்மவர் ‘மாட்’ என்னும் பெரிய கருவிக்குப் பதவி உயர்வு பெறுகிறார். செலவு மிச்சமாம். பெட்டியைத் திறந்தால் பேட்டரி இல்லை. அதற்குத் தனிக் காசு. சார்ஜர், காயில், பஞ்சு, உறை எல்லாவற்றுக்கும் அப்படியே.

பேட்டரிதான் கூத்து. அதன் பெயரான 18650 என்றால் குறுக்களவு 18 மி.மீ., உயரம் 65 மி.மீ. அந்த உருளைக்குள் 3,500 மில்லிஆம்பியர் மணியைத் தாண்டவே பெரிய கம்பெனிகள் முக்கி முனகுகின்றன. மலிவுச் சரக்கின் மேலோ கூசாமல் 9,900 என்று அச்சிட்டிருக்கும். தேர்தல் அறிக்கை தோற்றது! ஆம்பியரிலும் அதே கதை: போட்டிருக்கும் 35 தொடர்ந்து வருமா, கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டுமா என்று மூச்சு விடமாட்டார்கள்.

நம்மவர் நிறம் பார்த்து வாங்கினார். உபரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். மேலுறை கிழிந்த இடத்தில் சாவி உரசினால் ஷார்ட் ஆகி, வாய்க்கு முன்னால் பையே புகை விடும். அதைத் தடுக்கும் பிளாஸ்டிக் டப்பா கடையிலேயே மலிவாகக் கிடைத்தது. தண்டச் செலவு என்று வைத்துவிட்டு, டிராகன் தலை வைத்த உறிஞ்சுமுனை வாங்கி வந்தார்.