இரவல் குரல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அதாவது மாநில அரசின் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் வட மாநிலத் தொழிலாளியைத் தமிழ் தெரியாதவன் என்று முகஞ்சுளிப்பவர்களே, அதே வடக்கிலிருந்து வந்த கதாநாயகி, டப்பிங் எனப்படும் இரவல் குரலில் கிராமத்துப் பெண்ணாகக் கொஞ்சும்போது விசிலடிப்பது ஆராய்ச்சிக்குரியது. மும்பையின் நக்கத் கான் குஷ்புவாகித் திருச்சிப் பக்கம் கோயிலே கண்டார். கறுத்த உள்ளூர்ப் பெண்ணுக்கோ, பெயரை எப்படி மாற்றினாலும், பெரும்பாலும் தோழி வேடம்தான் (நிறத்துக்கு டப்பிங் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை). புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி பாஸ்கர் சக்தி இயக்கிய ‘வடக்கன்’ படமும், தணிக்கை வாரியம் அத்தலைப்பை ஏற்காததால், 2024இல் ‘ரயில்’ என்று வெளிவந்தது. வந்தவர் பெயர் கூடாதாம், அவர் ஏறிவந்த வண்டியின் பெயருக்குத் தடையில்லையாம்.