நிபுணரின் ஞாயிற்றுக்கிழமை

2007இல் சீனாவின் சியான் நகரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசு தந்த சான்றிதழில் என்னை 'வெளிநாட்டு நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். நிபுணருக்கு பஸ் டிக்கெட் கேட்டு வாங்கத் தெரியாது என்பது கல்லூரிக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கக் கிளம்பினால், துணைக்கு ஒரு மாணவனை அனுப்பிவிடுவார்கள்.

அப்படித்தான் ரயில் நிலைய வாசலில் 306ஆம் நம்பர் பஸ் ஏறினோம். ஆளுக்கு 7 யுவான். சின் ஷி ஹுவாங் சக்கரவர்த்தியின் சுடுமண் படையைப் பார்க்க. 1974இல் கிணறு வெட்டிய குடியானவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட படை அது. முதல் குழி மட்டுமே 230 மீட்டர் நீளம். ஈராயிரம் வருஷத்துக்கும் மேல் மண்ணுக்குள் நின்றவர்களை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிராமத்திலிருந்து வந்த குடும்பங்களோ, சக்கரவர்த்தியின் படைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். திருவிழா யானைக்குக் கிடைக்கும் மரியாதை. நான் இந்தியன் என்று மாணவன் சொன்னதும் ஒரு பெரியவர் ராஜ் கபூரின் 'ஆவாரா' பாட்டை எடுத்துவிட்டார். அவருக்கும் இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. நான் தாளம் போட்டேன்.

போன வருஷம் மறுபடி போனேன். அதே மாணவன் வந்தான். இப்போது அவனுக்குத் தொந்தியும் காரும் இருக்கின்றன. மெட்ரோ ரயில், சுடுமண் படை இருக்கும் லின்தோங் வரைக்கும் நீண்டுவிட்டது. நுழைவுச் சீட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே கைப்பேசியில் பதிய வேண்டும். வேகவைத்த சோளம் விற்கிற பாட்டிகூட கியூஆர் அட்டையைத்தான் காட்டினார்; நான் நீட்டிய நோட்டை, செத்துப்போன உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "லாவ்ஷி, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லி மாணவனே பணம் கட்டினான். லாவ்ஷி என்றால் வாத்தியார். குழியருகே என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'தங்கல்' படத்தைப் பற்றி விசாரித்த ஒரு காவலாளியைத் தவிர.

சாயங்காலம் பெரிய காட்டுவாத்துக் கோபுரம். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து சுமந்துவந்த சுவடிகளைப் பாதுகாக்க 652இல் கட்டியது. காஞ்சிபுரம்வரை வந்தவர் அவர். அரசாங்க அனுமதி கிடைக்காமல் ரகசியமாக எல்லை தாண்டிப் போன ஆசாமி. அவர் கோயிலுக்குள் நுழைய நான் பாஸ்போர்ட் காட்டினேன்.

வெளியே, அவர் சிலையைச் சுற்றி, தாங் காலத்துப் பட்டுடையை வாடகைக்கு எடுத்து உடுத்திய பெண்கள். எல்லோருக்கும் நெற்றியில் பொட்டு, கொண்டையில் பூ. அதில் ஒருத்தி சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். தலைமுடியைக் கோதி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். பார்த்தாள், முகம் சுருங்கியது. மாணவனிடம் ஏதோ சொன்னாள்.

"லாவ்ஷி, கால் நீளமாத் தெரியணுமாம். நீங்க இன்னும் கொஞ்சம் கீழே குந்தணுமாம்."