கங்காணியின் கொள்ளுப்பேரன்

விதுரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பேருந்து கடைசியாக மூச்சுவிட்டு நிற்கும் போனக்காட்டிலே, ஆலை மூடிக்கிடக்க, கொழுந்து கிள்ளுவாரின்றித் தேயிலைச் செடிகளெல்லாம் மரமாக ஓங்கிவிட்ட இக்காலத்திலும், தவறாமல் நீர் வார்க்கப்படும் விருட்சம் ஒன்று உண்டு, அதுதான் வம்சவிருட்சம். அதற்கு நீர் வார்ப்பவர், தோட்டத் தொழிலாளர் லயத்திலே பிறந்து, பட்டணத்திலே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நமது வம்சாவளிக்காரர். கக்கத்திலே எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம். அதன் முதல் பக்கத்தில் ‘பூர்வீகம்’ என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருப்பார்.

இந்த வியாதி அவருக்குப் பாட்டி சொன்ன கதையிலிருந்து தொற்றியது. அகஸ்தியர்கூடத்தின் உச்சியிலே 1855-இல் ஆய்வுக்கூடம் அமைத்த ஜான் ஆலன் பிரௌன் துரைக்குக் குடை பிடித்தவர் அவருடைய பூட்டனாராம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்திலே, கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பிலிருந்தபடி திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலை தாண்டி வந்தவரும் அவரேயாம். குடை பிடித்து இருபத்தொரு வருஷம் கழித்துக் கைக்குழந்தையானது எங்ஙனம் என்று வினவினால், “அந்தக் காலத்து மனுஷாள் திடகாத்திரமானவர்கள், ஸார்!” என்று நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஆதாரம் தேடித் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்திற்கும், திருநெல்வேலி அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்ததாகையால் எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்கும் அவர் நடந்த நடைக்கு, இமயத்தையே பிரதக்ஷிணம் செய்திருக்கலாம். ஆனால், சர்க்கார் பதிவேடுகள் நிலத்தையும் அதற்கு வரி கட்டினவனையும் நினைவு வைத்தனவேயன்றி, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறியவனைத் தேடிப்பிடித்து எழுதிவைக்கும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

ஆகவே அவர் லயம் லயமாகப் புகுந்து விசாரணை நடத்தினார். விசாரித்த வீட்டிலெல்லாம் பாட்டனார் கங்காணியாகவே இருந்திருக்கிறார்! “எல்லாரும் கங்காணின்னா, கொழுந்து பறிச்சது யாரு பாட்டி?” என்று ஒரு கிழவியிடம் கேட்டார். “அது எங்க ஆத்தாப்பா. அவ பேரை யாரு கேட்டா?” என்ற கிழவி, சற்றே யோசித்து, “ஆமா, செத்தவுக பேரையெல்லாம் எழுதுறியே, ரேஷன் கார்டுல சேக்கப் போறியா?” என்றாள்.

பங்குனி உத்திரத்தன்று, தங்கள் குலதெய்வமான சாஸ்தா இன்னாரென்று அறியாதவர்களும் தஞ்சமடையும் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு, அகஸ்தியர்கூடம் நிற்கும் அதே பொதிகைமலையின் கிழக்குச் சரிவுக்கு, நெல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு சென்றார். திரளான ஜனங்களுக்கு நடுவிலே பெரியவர் ஒருவர், “தம்பிக்கு எந்த ஊரு?” என்று விசாரித்தார். ஐந்து தலைமுறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்த நம்மவர், நோட்டுப் புத்தகத்தைப் புரட்டாமலே, “போனக்காடு” என்றார்.