காது திறந்த பிறகே குரல்

கேள்வி: கிறிஸ்தவத் தலைவர்கள் தங்கள் அழைப்பையும் தங்களுக்கே உரிய குரலையும் எப்படிக் கண்டடைகிறார்கள்?
– ஒரு வாசகர், ஆனைக்குட்டம்

பதில்: முதலில் காது திறக்கிறது, பிறகுதான் வாய். இதற்குச் சான்று ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற தாமஸ் ராக்லண்ட், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக இருந்தவர். அந்த மேசையை விட்டு, 1854-இல் வட திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனார். 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார்.

அடுத்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. பிறரை அனுப்பியவர், 1909-இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியரை நண்பர்களாக ஏற்க வேண்டும் என்று அஞ்சாமல் கேட்டார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இருவர் வாழ்விலும் வரிசை ஒன்றே. ஒரு தேவை கண்ணில் பட்டது, அது உறங்கவிடவில்லை, வசதியான நாற்காலி காலியாயிற்று. அந்த மக்களோடு வாழ்ந்ததில் குரல் பழுத்தது. அசரியாவுக்குப் பேராயர் பட்டம் கடைசியில் வந்தது. ராக்லண்டுக்கு அது தேவைப்படவே இல்லை.