நிலையம் எடுப்பதில் நிகரற்ற பலாலித் தளத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்புக்கும் பேரச்சத்துக்கும் உரிய பலாலிப் படைத்தள அதிகாரிகளே,

முதலில் நன்றி. ஏறக்குறைய 35 வருடம் பூட்டிக் கிடந்த வசாவிளான்–பலாலி வீதியை 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறந்துவிட்டீர்கள். திறந்த கையோடு நிபந்தனைகளையும் அறிவித்தீர்கள். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது. 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடாது. பேருந்து தவிர்ந்த கனரக வாகனங்கள் வரக்கூடாது. அடையாள ஆவணம் கையில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்து போகக்கூடாது. வீதி என்பது நடப்பதற்கும் நிற்பதற்கும் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசுவதற்கும் உரியது என்று இவ்வளவு காலமும் பிழையாக விளங்கி வைத்திருந்தோம். திருத்தியதற்கு இன்னொரு நன்றி. அதற்கு அடுத்த மாதம் 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்ததற்கும் வீதி திறந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் நம்புகிறோம்.

இந்த விண்ணப்பம் வீதியைப் பற்றியதல்ல. வலிகாமம் வடக்கில் உங்கள் தளத்துக்காக இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முன்னால் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது: எங்கே குடியிருப்பது? திரும்பி வருவதா, மருதனார்மடத்திலோ கோப்பாயிலோ வாடகை கட்டிக்கொண்டு இருந்துவிடுவதா, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் காசில் வேலியோரத்தில் இரண்டு பரப்பு வாங்கிப் போடுவதா? யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுமுன் நிலையம் எடுப்பது வழக்கம். விசயம் தெரிந்த ஒருவர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்து, மூலை பார்த்து, நூல் பிடித்து, கிணறு இங்கே, குசினி அங்கே என்று சொல்லித் தருவார். அந்தக் கலையில் உங்களை மிஞ்சிய ஆள் இந்தத் தீவில் இல்லை. 1990இல் நீங்கள் எடுத்த நிலையம் அப்படி. அதனால்தான் உங்களிடமே வருகிறோம்.

முகப்புகழ்ச்சி இல்லை, சான்றோடுதான் சொல்கிறோம். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் போட்டது. அந்தப் பெருமை உங்களுக்குச் சேராது. ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றி வேலியை எங்கெங்கே கொண்டுபோவது என்பதில் உங்கள் கைவண்ணம் துலங்குகிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாழையும் வஞ்சகமில்லாமல் விளையும் செம்மண் உள்ளே வந்தது. குடாநாட்டின் எத்தனையோ கிணறுகளில் உவர் ஏறிக்கொண்டிருக்க, வாயில் வைக்கக்கூடிய நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ளே வந்தன. மயிலிட்டித் துறைமுகமும், கடற்காற்று நோயாளிக்கு நல்லதென்று அங்கே கட்டிய காசநோய் வைத்தியசாலையும் வந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் புகையிரதப் பாதையின் கடைசித் தரிப்பிடமும் வந்தன. ‘ஈழகேசரி’ பத்திரிகையின் பொன்னையாவைத் தந்த குரும்பசிட்டியும் வந்தது. இலக்கிய ரசனையும் உங்களுக்கு இருந்திருக்கிறது. மண் பார்த்து, நீர் பார்த்து, காற்று பார்த்து, கடல் பார்த்து, கோயில் குளம் பள்ளிக்கூடம் பார்த்து எடுத்த நிலையம் இது. ஒரு மாப்பிள்ளை வீட்டார்கூட சீதனக் காணியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி கிடைக்கிறது. பிற நாடுகளில் படைத்தளத்துக்குப் பக்கத்தில் குடிபோகிறவர்கள் விமானச் சத்தம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எத்தனை தூரம் என்று விசாரித்து வீடு பிடிப்பார்கள். தளம் முதலே இருக்கும், மனிதர் அதைத் தேடிப் போவார்கள். இங்கே மனிதர் முதலே இருந்தார்கள், தளம் அவர்களைத் தேடி வந்தது. ஆகவே எங்களுக்கு விசாரணை மிகச் சுலபம். நல்ல வளவு எது என்று அறிய வேண்டுமா? உங்கள் முட்கம்பி எதற்குள் நிற்கிறது என்று பார்த்தால் போதும். கம்பிக்கு வெளியே கிடப்பது நீங்கள் வேண்டாமென்று கழித்துவிட்டது. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு காணி வாங்கலாம், வாங்க மட்டும் விட்டால்.

உங்கள் தரப்பில் முதலில் சொல்லப்படுவது பாதுகாப்பு. விமானத்தளத்தைச் சுற்றி வெறும் நிலம் வேண்டும், எறிகணைத் தூரத்துக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது 1990இலும் 1995இலும் போர் நடந்த ஏனைய ஆண்டுகளிலும் விளங்கக்கூடிய நியாயம்தான். போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகும் அந்த நியாயம் நிற்கவேண்டுமானால் உள்ளே இருப்பவை பாதுகாப்புக்கு உரியவையாக இருக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது? காங்கேசன்துறைக் கடற்கரையில் ‘தல்செவன’ என்று உங்கள் உல்லாச விடுதி இருக்கிறது. சிங்களத்தில் பனைநிழல் என்று பொருள். பனைக்குச் சொந்தக்காரர் கோணப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தகர நிழலில் இருந்தபோது விருந்தினர் பனைநிழலில் கடல் பார்த்தார்கள். படையினர் செய்யும் தோட்டம் இருக்கிறது. கீரிமலைப் பக்கம் ஒரு சனாதிபதி மாளிகை எழுந்தது; அதில் என்ன செய்வதென்று ஆட்சிக்கு ஆட்சி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தையிட்டியில் உறுதியுள்ள தனியார் காணியில் ஒரு விகாரை நிற்கிறது, ஒவ்வொரு பௌர்ணமியும் காணிக்காரர் அதன் முன்னால் நின்று குரல் கொடுக்கிறார்கள். விடுதி, தோட்டம், மாளிகை, விகாரை. இவற்றில் எது எறிகணையைத் தடுக்கும் என்று படைத்துறை நூல்களில் தேடிப் பார்க்கலாம். நிலையம் எடுக்கும் நூலில் தேடினால் நான்கும் சரியான மூலையில் அமைந்திருப்பது தெரியும்.

2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி இதே பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னையிலிருந்து கடவுச்சீட்டோடு வருகிற யாரும் ஆகாயத்திலிருந்து இறங்கும்போது யன்னலால் குனிந்து முழுத் தளத்தையும் ஆறுதலாகப் பார்க்கலாம். வசாவிளானில் பிறந்த கிழவி தன் வளவைத் தரையிலிருந்து பார்க்க, நிற்கக்கூடாது. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீற்றர் வேகம் என்றால் விநாடிக்குப் பதினொரு மீற்றர். நாலு பரப்பு வளவு சதுரமாக இருந்தால் வீதிப் பக்கம் முப்பது மீற்றருக்குச் சற்று மேல். மூன்று விநாடி. படலை இருந்த இடம் ஒன்று, கிணற்றடி இரண்டு, வேலிப் பூவரசு மூன்று, முடிந்தது. அடுத்த வீட்டுக்காரரின் மூன்று விநாடி தொடங்கிவிட்டது. அந்தப் பூவரசும் நின்றால்தான். இந்த மூன்று விநாடியில் கிழவி உளவு பார்த்துவிடுவார் என்று அஞ்சித்தான் படமும் பிடிக்கக்கூடாது என்கிறீர்கள் போலும். எதைப் படம் பிடிப்பார்? இடிந்த சுவரையா? கூரையில்லாத வீட்டுக்குள் வளர்ந்த ஆலங்கன்றையா? சொந்த ஊரில் சொந்த வீதியில் காலால் நடப்பது குற்றம் என்று எழுதி வைக்க எந்த நாட்டுப் படைக்கும் வெட்கமாக இருக்கவேண்டும்.

மன்னிக்கவேண்டும். குரல் சற்று உயர்ந்துவிட்டது. நிலையத்துக்குத் திரும்புவோம்.

உங்கள் அளவை நுட்பத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2013 ஏப்ரலில் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பொதுத் தேவைக்கென்று கேட்ட அளவு 6,381 ஏக்கர் 38.97 பேர்ச்சஸ். எங்கள் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு இலட்சம் பரப்புக்கு மேலே போகிறது. பரப்பல்ல, அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் தொண்ணூற்றேழுதான் எங்களைச் சிலிர்க்க வைத்தது. நிலத்தைப் பேர்ச்சஸின் நூற்றில் ஒரு பங்குவரை அளந்தவர்களால் அதன் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதே அறிவித்தலில் சொல்லப்பட்டது. உரிமையாளர் எங்கே ஒளிந்திருந்தார்? மல்லாகத்தில், சுன்னாகத்தில், கோணப்புலத்தில், பிரதேச செயலகத்தின் நிவாரணப் பதிவேட்டில், பெயரும் குடும்ப அட்டை இலக்கமுமாக. உங்கள் வேலியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். காணாமற்போனவராகச் சொல்லப்பட்ட அதே ஆட்கள் சில வாரங்களில் உறுதிகளோடு நீதிமன்றப் படியேறி, ஆயிரக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். நிலையம் எடுக்க வருபவர் முதலில் வீட்டுக்காரரின் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நீங்கள் அதைக் கேட்காமலே எடுத்துவிட்டீர்கள்.

அடுத்து, விட்டுத்தானே தருகிறோம் என்பீர்கள். உண்மை, அதை மறைக்கமாட்டோம். 2015இலிருந்து துண்டு துண்டாக விட்டிருக்கிறீர்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் வந்தது, 2018 ஏப்ரலில் 683 ஏக்கர், 2024 மார்ச்சில் இருநூற்றுச் சொச்சம் ஏக்கர். 2015 டிசம்பரில் அன்றைய சனாதிபதி முகாமுக்கே வந்து ஆறு மாதத்தில் அனைவரையும் குடியேற்றுவதாகச் சொன்னார்; அந்த ஆறு மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் உங்கள் வசம். ஆனால் எங்கள் முறைப்பாடு அளவைப் பற்றி மட்டுமல்ல. ஒவ்வொரு விடுவிப்புக்கும் மேடை, மாலை, அமைச்சர், பத்திரம் கையளிப்பு. ஒருவரின் குடையை 35 வருடம் வைத்திருந்துவிட்டுக் கம்பியை மட்டும் திருப்பிக் கொடுக்கிறவர் அதற்கு விழா எடுப்பதில்லை. நல்லெண்ணம் என்று இதை அழைக்கும்போது காணி உங்களுடையது என்றும் எங்களுக்கு இரங்கித் தந்தீர்கள் என்றும் ஆகிவிடுகிறது. வீதிக்கும் அதே கதை. நிபந்தனையோடு திறந்த வீதி திறந்த வீதியல்ல, இரவல் வீதி.

இன்னொன்றும் சொல்லப்படுகிறது, அதை எங்கள் ஆட்களே சொல்கிறார்கள்: விட்ட காணிக்குள்ளும் சனம் வரவில்லையே, பற்றை மண்டித்தானே கிடக்கிறது? இதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வேர்விட்டுவிட்டார்கள். முகாமில் பிறந்த பேரனுக்கு ஊர் என்பது அம்மம்மா சொல்லும் கதை. ஆனால் வராததற்கு வேறு காரணமும் உண்டு, அது வீதிக்கு நீங்கள் வைத்த நிபந்தனைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. வீடு தரைமட்டம், கிணறு தூர்ந்தது, எல்லைக் கதியால் இருந்த சுவடே இல்லை. இவற்றையெல்லாம் சரிப்படுத்திக்கொண்டு ஒருவர் வந்து குடியிருக்கிறார் என்று வைப்போம். அவரது ஊரை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் நேர்வழி மாலை 5 மணிக்குப் பூட்டப்படுகிறது. ஆகவே பிரசவ வலி பகலில் வரவேண்டும். நெஞ்சுவலியும் 6 மணிவரை பொறுக்கவேண்டும். வெயில் தாழ்ந்தபின் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டுக் கிளம்புகிற தோட்டக்காரர் சுற்றுவழியால் போகவேண்டும். அறுவடையை ஏற்ற லொறி வரமுடியாது. வெங்காயம் பேருந்தில் ஏறிச் சந்தைக்குப் போகட்டும். சாவீடு நடந்தால் பறையோடு நடந்து போகும் வழக்கத்தை விட்டு, பிணத்தை 40 கிலோமீற்றர் வேகத்தில், எங்கும் நிறுத்தாமல், திருப்பாமல் கொண்டுபோகவேண்டும். இதில் திருப்பாமல் என்பது மட்டும் ஏற்கெனவே எங்கள் வழக்கம்தான். இப்படியொரு இடத்தில் குடியேறாதவரைப் பார்த்து ‘ஊர்ப்பற்று இல்லை’ என்பது, காலைக் கட்டிவிட்டு ஓடத் தெரியவில்லை என்பதற்கு ஒப்பு.

2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை ஆளும் கட்சிக்கு இந்தச் சனமே கொடுத்தது. அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். நிலைய விசயத்தில் அரசாங்கங்கள் உங்களிடம் ஆலோசனை கேட்கின்றனவே தவிர நீங்கள் அவர்களிடம் கேட்பதில்லை என்பது தெரிந்ததுதான்.

எனவே எங்கள் வேண்டுகோள் சிறியது. நீங்கள் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எடுத்த நிலையத்தின் வரைபடத்தை எங்களுக்கும் தாருங்கள். எந்த வளவை எந்த ஆண்டு விடுவீர்கள், எதை விடவே மாட்டீர்கள், விடாததற்கு என்ன காரணம், பதுங்குகுழியா வெங்காயப் பாத்தியா, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும். எழுபது வயதுக்காரர் ஒருவர் வீடு கட்டக் கல்லரிய ஆள் பிடிப்பதா, வாடகை வீட்டிலேயே கண்ணை மூடுவதா என்று அதைப் பார்த்து முடிவெடுப்பார். ஓடுபாதைக்கு உண்மையிலேயே வேண்டிய நிலத்தைச் சட்டப்படி கேட்டு, விலை பேசி எடுத்தால் அதையும் பேசிக்கொள்ளலாம். மற்றதற்கு நாங்கள் உங்களுக்கு நிலையம் எடுத்துத் தருகிறோம், நூல்கயிறு எங்கள் செலவு.

இந்த விண்ணப்பத்தை உங்கள் வாசலில் நேரே தருவதில் மட்டும் சிக்கல். வாகனத்தை நிறுத்தமுடியாது, நடந்து வரவும் முடியாது. ஆகவே 40 கிலோமீற்றரைத் தாண்டாமல் போகும் பேருந்தின் யன்னலால் வீசுகிறோம். காவலரண் பொடியன் யாராவது மாலை 5 மணிக்கு முன் பொறுக்கி எடுக்கட்டும்.

இப்படிக்கு,
6,381 ஏக்கர் 38.97 பேர்ச்சஸின்
கண்டுபிடிக்க முடியாத உரிமையாளர்கள் சார்பில்