ஒரே நோக்கம்

குரோம் வெப் ஸ்டோரில் சரக்கு வைக்கக் கட்டணம் 5 டாலர், அதுவும் ஒரே தடவை. பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். அதனால்தான் மயிலாப்பூர் மாமா ஒருவர், ராகுகாலம் காட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை ஏற்றத் துணிகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் விதி: ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரே நோக்கம்தான் இருக்கலாம். பட்டுப்புடவையும் பிரஷர் குக்கரும் ஒரே கூரையின்கீழ் வாங்கி வளர்ந்த தி.நகரிடம் இதைச் சொல்கிறார்கள்! ராகுகாலத்தோடு மார்கழிக் கச்சேரிப் பட்டியலும் சபா கேன்டீன் மெனுவும் சேர்த்தால் பொட்டலம் திரும்பி வரும்.

விளக்கம் 132 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ‘மயிலாப்பூர்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 11. காலுக்கும் புள்ளிக்கும்கூடத் தனி டிக்கெட். ஐகான் 128க்கு 128 பிக்சல். கேட்கும் அனுமதி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அடையாறில் வாடகைக்கு வீடு தேடியவருக்கு இந்த விசாரணை புதிதல்ல.

2010-இல் திறந்த இந்தக் கடையில் செயலிகளுக்கென்றே தனி அலமாரி இருந்தது. 2016-இல் அதற்கு மூடுவிழா அறிவித்தார்கள். குரோமை முன்னின்று வளர்த்த சுந்தர் பிச்சை வளர்ந்ததோ இதே ஊர் அசோக் நகரில். ஆனாலும் ‘நம்ம பையன்’ சிபாரிசு செல்லாது.

மாமா வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குப் பொத்தானை அழுத்துகிறார். பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். எச்சரித்திருக்க வேண்டிய எக்ஸ்டென்ஷன்தான் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதே!